எந்தக் காது என்று எழுதவில்லை

நான்கு மாதங்களுக்கு முன் தைக்கப்பட்ட காதைக் கையால் பொத்தியபடி ஒரு லாரி ஓட்டுநர் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தார். வலது காது மடலின் பின்புறம், தழும்பை ஒட்டி, அரிசியைவிடச் சற்றே பெரிதாக ஏதோ தட்டுப்பட்டது. அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் குத்துகிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். மடலுக்குள் இரண்டு கண்ணாடித் துண்டுகள் இருந்தன. விபத்தில் நொறுங்கிய சன்னல் கண்ணாடியின் துண்டுகள் அவை.

அவற்றை அகற்றுவது எங்களுக்குப் பெரிய வேலையாக இல்லை. சிக்கல் அதன்பிறகுதான் தொடங்கியது. 'இந்த அறுவைச் சிகிச்சைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் என்ன?' என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. நியாயமான கேள்விதான். விபத்து நடந்த இரவின் தாள்களை எடுத்துப் பார்த்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'காதில் வெட்டுக்காயம், தையல் போடப்பட்டது' என்று மட்டும் இருந்தது. எந்தக் காது என்று இல்லை. கண்ணாடி என்ற சொல்லே இல்லை. விபத்துப் பதிவேட்டில் எந்தப் பக்கம் என்பது இருந்தது. ஆனால் அது 'இடது' என்று இருந்தது. இரண்டும் எங்கள் மருத்துவமனையின் தாள்கள். சம்மரியின் அடியில் இருந்தது எங்கள் பிரிவின் கையெழுத்து.

அன்றிரவு எல்லோருடைய கவனமும் தலைக்காயத்தின் மீது இருந்தது. மூளையில் இரத்தக் கசிவு உண்டா, கழுத்தெலும்பு உறுதியாக உள்ளதா என்பவைதாம் முதற்கேள்விகள். காது கடைசியில் வந்தது. இது விளக்கமே அன்றி, சமாதானம் அன்று. ஓட்டுநரின் மனைவி எங்களிடம் சொன்ன சொற்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன: "விடியக்காலம் வந்ததுமே நர்ஸம்மாகிட்ட சொன்னேன் டாக்டர். வலது பக்கம் முடி பூரா கண்ணாடித் தூளு. நான்தானே உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன்." அவர் சொன்னதை ஒருவரும் எழுதவில்லை.

அவர்களுடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இதை எழுதுகிறோம். காதில் பொருள் புதைந்த காயம் நேரும்போது அதை ஆவணத்தில் எப்படிப் பதிவு செய்கிறோம், அந்தப் பதிவு உங்கள் வாழ்க்கையில் எங்கெல்லாம் போய் நிற்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதைச் சொல்வது எங்கள் கடமை என்று நினைக்கிறோம்.

நீங்கள் வீடு திரும்பியபின் உங்கள் கோப்பு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குச் செல்கிறது. அங்குள்ள குறியீட்டாளர் மருத்துவர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீட்டை இடுகிறார். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டிலிருந்து இக்குறியீடுகள் எடுக்கப்படுகின்றன. இதன் மூதாதை, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் முன்வைத்த இறப்புக் காரணங்களின் பட்டியல். 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் இன்னும் பரவலாகப் புழங்குகிறது; பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. காப்பீட்டு நிறுவனமும் நோய்க் கணக்கெடுப்பவர்களும் முதலில் பார்ப்பது இக்குறியீட்டைத்தான்.

குறியீட்டாளருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: எழுதப்படாததை ஊகிக்கக் கூடாது. கோப்பில் எக்ஸ்ரே படம் இருந்தாலும், அதில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தாலும், மருத்துவர் 'கண்ணாடி' என்று எழுதாவிட்டால் அவருக்கு அங்கே கண்ணாடி இல்லை.

காதைப் பொறுத்தவரை, வெளியாருக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நிலைமைகள் இவ்வகைப்பாட்டில் வெவ்வேறு இடத்தில் உள்ளன. குழந்தை விளையாட்டாகக் காதுக்குள் ஒரு பாசிமணியைப் போட்டுக்கொண்டால், அது 'காதில் அந்நியப் பொருள்'. குறியீடு டி 16. பொருள் குழாய்க்குள் கிடக்கிறது, அவ்வளவே. கண்ணாடியோ கம்பியோ காதின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்தால், அது 'காதின் திறந்த காயம்'; குறியீடு எஸ் 01.3. குச்சி ஒன்று உள்ளே சென்று செவிப்பறையைக் கிழித்திருந்தால் எஸ் 09.2. மேலோட்டமான கீறல் என்றால் எஸ் 00.4. மருத்துவர் அவசரத்தில் 'காதில் பொருள், அகற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால், தையலும் மயக்க மருந்தும் தேவைப்பட்ட காயம்கூடப் பாசிமணிக் கணக்கில் சேர்ந்துவிடும். 'பாசிமணி எடுக்க எதற்கு அறுவை அரங்கு?' என்று காப்பீட்டுத் தரப்பு கேட்டால் அதைக் குற்றம் சொல்ல இயலாது.

குழந்தைகளிடம் நாங்கள் அடிக்கடி காணும் இன்னொன்று கம்மலின் திருகாணி. புதிதாகக் காது குத்திய இடம் வீங்கும்போது திருகாணி மெல்ல மெல்லச் சோணைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மேலே தோல் மூடிக்கொள்கிறது. 'திருகாணி எங்கோ விழுந்துவிட்டது' என்று பெற்றோர் வீடெல்லாம் தேடியிருப்பார்கள். அது காதுக்குள்ளேயே இருக்கும். இதுவும் புதைந்த பொருள்தான். டி 16 இதற்குப் பொருந்தாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எவரேனும் சென்னையிலோ கோவையிலோ 'மெடிக்கல் கோடிங்' வேலையில் இருக்கக்கூடும். அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளுக்கு இரவு பகலாகக் குறியீடு இடும் அவர்களைக் கேட்டால் ஒரு வேறுபாட்டைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் புழங்கும் விரிவான பதிப்பில், எங்கள் ஓட்டுநரின் காயம் வெறும் எஸ் 01.3 அன்று. பொருள் புதைந்த வெட்டுக்காயம் என்றால் எஸ் 01.32, அதுவும் வலது காது என்றால் எஸ் 01.321, இடது என்றால் எஸ் 01.322. குத்துக்காயமாக இருந்தால் எஸ் 01.341, எஸ் 01.342. அதன் வாலில் இன்னோர் எழுத்து: காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் கட்டத்தில் 'ஏ', ஆறிவரும் கட்டத்தில் பார்க்க வந்தால் 'டி', காயம் விட்டுச்சென்ற பின்விளைவுக்காக வந்தால் 'எஸ்'. எந்தக் காது என்று மருத்துவர் எழுதாவிட்டால் கடைசி எண் 9 ஆகிறது. 'குறிப்பிடப்படவில்லை' என்று பொருள். அந்த 9ஐப் பார்த்ததும் கோப்பு மருத்துவரிடமே திரும்பி வருவது அங்கே வாடிக்கை.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்தத்தில் இந்த நுணுக்கம் இல்லை. எஸ் 01.3 என்றால் காதின் திறந்த காயம். வலது காதுக்கும் அதுவே, இடது காதுக்கும் அதுவே. கண்ணாடி புதைந்திருந்தாலும் அதுவே, புதையாவிட்டாலும் அதுவே. ஆகவே எந்தக் காது, உள்ளே என்ன இருந்தது என்பவை தங்குவதற்கு மருத்துவர் தம் கையால் எழுதும் வாக்கியத்தைத் தவிர வேறு இடம் கிடையாது. அமெரிக்கக் குறியீட்டில் விடுபட்டால் எண்ணே காட்டிக்கொடுக்கும். இங்கே விடுபட்டால் ஒன்றும் தெரியாது. குறியீடு சரியாகவே இருக்கும், தகவல் மட்டும் போயிருக்கும். எங்கள் ஓட்டுநரின் கோப்பில் நடந்தது இதுதான். எஸ் 01.3 என்ற குறியீட்டில் பிழையே இல்லை.

பொருளின் பெயர் மருத்துவத்துக்கும் இன்றியமையாதது. கண்ணாடியும் உலோகமும் எக்ஸ்ரேயில் தெரியும். மரச்சிராய், முள், பிளாஸ்டிக் ஆகியவை பெரும்பாலும் தெரிவதில்லை. முள் குத்தியது என்று கோப்பில் இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நாங்கள் ஏமாறமாட்டோம். காது மடலின் குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய்கள் இல்லை. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் செல்கிறது. உள்ளே தங்கிய துண்டைச் சுற்றிச் சீழ் கோத்து அந்த உறை பிரிந்தால் குருத்தெலும்பு அழியும். மடல் சுருங்கி உருக்குலையும். எனவே 'எத்தனை துண்டுகள் எடுக்கப்பட்டன, ஏதேனும் தங்கியிருக்க வாய்ப்பு உண்டா' என்ற வரியை நாங்கள் எழுத வேண்டும். நீங்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆகவே வரும்போது பொருளின் மீதியைக் கையோடு கொண்டு வாருங்கள். உடைந்த தீக்குச்சியின் மறுபாதி, மற்றக் காதின் கம்மல், மணிமாலையில் மிஞ்சிய மணி எதுவாயினும் சரி. மறுபாதியின் நீளத்தை வைத்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட முடியும். பட்டன் பேட்டரி என்ற ஐயம் இருந்தால் வாசலிலேயே அதைச் சொல்லுங்கள். அது சில மணி நேரத்திலேயே குழாயின் தோலையும் செவிப்பறையையும் அரித்துவிடும். வரிசையில் நிற்க வேண்டிய நோய் அன்று அது. புதைந்த பொருளை நீங்களே பிடுங்க வேண்டாம். எண்ணெயோ தண்ணீரோ சொட்டுமருந்தோ ஊற்ற வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியது நடுச்செவிக்குள் போகும். பயறு, கடலை போன்றவை தண்ணீரில் ஊறிப் பருத்துக்கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே ஊக்காலோ இடுக்கியாலோ முயன்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. குழாயில் உள்ள கீறல் பொருளால் வந்ததா, இடுக்கியால் வந்ததா என்று தெரிந்தால்தான் சரியாக எழுத முடியும்.

காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கும் தனிக் குறியீடுகள் உண்டு. கூரிய கண்ணாடி பட்டதற்கு ஒன்று, சரக்கு வாகனத்தில் இருந்தபோது நேர்ந்த விபத்துக்கு ஒன்று, பிறர் தாக்கியதற்கு ஒன்று, எப்படி என்று தீர்மானிக்க இயலாததற்கு ஒன்று. இங்கே சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறைந்தபோது கம்மல் காதுக்குள் குத்தி வரும் பெண்களில் பலர் முதலில் 'வழுக்கி விழுந்தேன்' என்றே சொல்கிறார்கள். அருகில் நிற்பவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். நாங்கள் கேட்டதை, யார் சொன்னார் என்பதோடு அப்படியே எழுதுகிறோம். காயம் அதற்குப் பொருந்தவில்லை என்றால் அதையும் எழுதுகிறோம். தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றினால் செவிலியரிடம் சைகை காட்டினால் போதும். உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்போம். ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொல்ல முன்வரும்போது முதல் நாள் தாள் வேறு கதை சொன்னால், அந்தப் பெண்ணுக்கு அது பெரும் தடை.

தாக்குதலாக இருந்தால் செவித்திறன் பற்றிய வரியும் சட்டத்தின் கண்ணில் கனமானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு, ஒரு காதின் கேட்கும் திறனை நிரந்தரமாக இழப்பதைக் கொடுங்காயங்களில் ஒன்றாக வைக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும் அப்படியே வைத்திருந்தது. காயத்தினால்தான் இழந்தார் என்று சொல்ல, காயம் நேர்ந்த உடனே காது எப்படி இருந்தது என்ற பதிவு தேவை. அதனால் நோயாளி பேசும் நிலையில் இருந்தால், பொருளை எடுக்கும் முன்பே இசைக்கவையை வைத்து இரு காதுகளையும் சோதித்து எழுதுகிறோம். எடுத்த பின் மறுபடியும் எழுதுகிறோம். உரிய நேரத்தில் ஆடியோகிராம் எடுக்கிறோம். காயத்தால் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களுக்குள், தானே மூடிக்கொள்கிறது. மூடிய பின் வருபவரிடம் கிழிசல் இருந்ததற்கு முதல் நாள் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. சிறு வயதிலிருந்தே காதில் சீழ் வடிந்ததுண்டா, இரைச்சலான ஆலையில் வேலை பார்த்தாரா என்று கேட்கும்போது சிலர் முகம் சுளிப்பதுண்டு. பழைய குறை இருந்தால் காப்பீடு கிடைக்காதோ என்ற அச்சம் அது. மறைத்த பழைய குறை எப்படியும் ஆடியோகிராமில் வெளிப்படும்; அப்போது புதிய காயமும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வீட்டுக்குப் புறப்படும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை எங்கள் எதிரிலேயே படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். அது எங்கள் வேலை. வலதா இடதா, என்ன பொருள், முழுதும் வந்ததா, செவிப்பறை எப்படி இருக்கிறது, டெட்டனஸ் ஊசி போடப்பட்டதா, தையல் பிரிக்க என்று வர வேண்டும் என்ற ஐந்தாறு செய்திகள்தாம். விபத்துப் பதிவேட்டின் நகலையும் அதனோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் வலது, மற்றொன்றில் இடது என்று இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். பிழையான சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, சரியானதை எழுதி, நாளும் கையொப்பமும் இடுவோம். வெள்ளை பூசி மறைக்கமாட்டோம். விபத்து நடந்த நாளையோ, அது எப்படி நேர்ந்தது என்பதையோ மாற்றி எழுதினால் காப்பீடு கிடைக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. அதைச் செய்ய இயலாது. எத்தனை முறை கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன. மூன்று ஆண்டுகள் என்பது வழக்குகளின் வேகத்துக்குக் குறைவு. ஆகவே நகலை இப்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரின் கோப்புக்கு வருவோம். எங்களைக் காப்பாற்றியது அன்றிரவு தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேன். மூளையைப் பார்க்க எடுத்த படம் அது. நான்கு மாதம் கழித்து அதே படத்தைக் கதிரியக்க மருத்துவருடன் உட்கார்ந்து பார்த்தபோது, ஓரத்தில், வலது காது மடலுக்குள் இரண்டு வெண்புள்ளிகள் இருந்தன. புதிய எக்ஸ்ரேயில் தெரிந்த அதே இரண்டு. அதை விளக்கி, முதல் தாள்களில் இருந்த விடுபடலையும் பிழையையும் ஒப்புக்கொண்டு, அன்றைய தேதியிலேயே கூடுதல் குறிப்பு எழுதினோம். இரண்டாம் அறுவைக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தந்தது. இப்போது எங்கள் அவசரப் பிரிவின் தாளில் இரண்டு காதுகளின் கோட்டுப்படம் அச்சிடப்பட்டுள்ளது. காயம் உள்ள இடத்தைப் பேனாவால் குறிக்காமல் தாள் நகராது. 'உடன் வந்தவர் கூறியது' என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம்.

செவித்திறன் விஷயத்தில் ஸ்கேன் உதவவில்லை. வலது காதில் மந்தம் இருக்கிறது என்றார் ஓட்டுநர். ஆடியோகிராமும் அதையே காட்டியது. செவிப்பறையில் கிழிசல் இல்லை, எலும்பில் முறிவும் இல்லை. தலையில் விழுந்த அடியால் வந்திருக்கலாம். இருபது ஆண்டுகளாக எஞ்சின் இரைச்சலின் அருகே அமர்ந்ததாலும் வந்திருக்கலாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எங்களைக் கேட்டபோது இதைத்தான் சொல்ல முடிந்தது. அவர் மயக்கம் தெளிந்து பேசத் தொடங்கியது மறுநாள் காலை. அன்று இசைக்கவையை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவர் மறுபடியும் லாரி ஓட்டுகிறார். நம் நாட்டு வண்டியில் ஓட்டுநரின் வலது காதுதான் சன்னல் பக்கம். முந்திச் செல்லும் வண்டியின் ஹாரன் அந்தக் காதில்தான் விழ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருகிறார். அறிக்கையைக் கையில் வாங்கியதும் அவருடைய மனைவி ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, 'வலது' என்று எழுதியிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்.